பக்கத்தில் இழுத்துப் போட்ட கதிரை

போன வருஷம் ஆவணி மாதம், வெள்ளவத்தையில் எனக்கு நடந்த சம்பவம் இது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடிதம் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை ஒருவருக்கும் சொல்லாமல் இருக்க என்னால் ஏலாது.

முதலில் என் கூச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயதாகியும் அது போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் "இறக்கம்" என்று சொல்ல வாய் வராது. என் தரிப்பில் வேறு யாராவது இறங்கினால் அவர்களுக்குப் பின்னால் இறங்குவேன். ஒருவரும் இறங்காவிட்டால் அடுத்த தரிப்புவரை போய்த் திரும்பி நடந்து வருவேன். ஒருநாள் இப்படியே தெஹிவளை வரைக்கும் போயிருக்கிறேன். கடையில் கேட்டது ஒன்று, கட்டித் தந்தது வேறொன்று என்றாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அப்படி வந்த ஒரு போத்தல் வினாகிரி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

கலியாண வீடுகளுக்குச் சமையல் உதவிக்குப் போவதுதான் என் சீவியம். சமையலறையில் நின்றால் யாரோடும் அதிகம் கதைக்கத் தேவையில்லை பாருங்கள். அந்த ஆவணியில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி வீட்டில், மாப்பிள்ளை வீட்டாருக்கு வேலை செய்தேன். நல்ல சனம். என்னை ஒருநாளும் வேலைக்காரி மாதிரி நடத்தியதில்லை.

கலியாணத்தன்று காலையில் மாப்பிள்ளைக்குப் பால் அறுகு வைத்தார்கள். உங்களுக்குத் தெரியும்தானே, ஒரு சட்டியில் பால் விட்டு, அறுகம்புல்லும் ஒரு காசும் போட்டு, சொந்தக்காரர் ஒவ்வொருவராக இரண்டு கையாலும் அள்ளி மாப்பிள்ளையின் தலையில் வைப்பார்கள். பிறகு அவர் முழுகிவிட்டு மண்டபத்துக்கு வெளிக்கிடுவார். நான் புருஷனை இழந்தவள் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. எல்லாரும் வெளிக்கிட்ட பிறகு கூட்டித் துடைத்து, அறைகளை ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன்.

மூன்று நாள் கழிந்தது. நாலாஞ்சடங்குக்குப் பெண் வீட்டாரைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். முதல்நாளே கறிச் சரக்கு அரைத்து வைத்துவிட்டு வந்திருந்தேன். காலையில் சமைக்க வெளிக்கிடும்போது டெலிபோன் அடித்தது. பொலிஸ் நிலையம். ஒரு மோதிரம் காணாமல் போன விஷயமாக உடனே வரச் சொன்னார்கள்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்று நான் எழுதவில்லை. அங்கே இருந்தவர்களில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை.

போன பிறகுதான் விஷயம் விளங்கியது. மாப்பிள்ளையின் மாமி லண்டனிலிருந்து வந்திருந்தார். லண்டன் மாமி என்றுதான் எல்லாரும் சொல்வோம். கலியாணத்தன்று அவருடைய நீலக்கல் மோதிரம் காணாமல் போய்விட்டது. அவருடைய அம்மாவின் மோதிரமாம். கை கழுவும்போது கழற்றி அறையிலிருந்த பேசினில் வைத்ததாக அவருக்கு ஞாபகம். இரண்டு நாளில் அவர் திரும்பிப் போக வேண்டும். லண்டனில் இன்சூரன்ஸுக்குக் காட்டப் பொலிஸ் துண்டு வேண்டும் என்று முறைப்பாடு கொடுத்திருக்கிறார். யாரையும் சந்தேகம் என்று சொல்லவில்லை. அந்த அறைக்குள் யார் யார் போனது என்று பொலிஸ் கேட்க, ஆட்களின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அதில் சொந்தக்காரர் இல்லாத ஒரே ஆள் நான்.

சார்ஜன்ட் நடுத்தர வயதுக்காரர். தமிழ் கொஞ்சம் கதைப்பார். மேசைக்கு முன்னால் என்னை இருத்திக் கேட்டார்.

"அம்மே, அறைக்குள்ள போனதா?"

"ஓம் ஐயா."

"பேசின் கழுவினதா?"

"ஓம் ஐயா."

"மோதிரம் எடுத்ததா?"

"இல்லை ஐயா."

கடைசி மறுமொழி என் வாயைவிட்டு வெளியே வந்ததா என்றே எனக்குச் சந்தேகம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு தாளில் சிங்களத்தில் மளமளவென்று எழுதினார். எழுதி முடித்து, "தவறுதலா எடுத்தது, திருப்பிக் குடுக்கிறன் எண்டு போட்டிருக்கு. மேடம் நல்ல மனிசி, கேஸ் போடமாட்டா. சும்மா சைன் பண்ணிட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நன்மை செய்கிறதாகத்தான் அவர் நினைத்தார்.

உண்மையைச் சொல்கிறேன். கையெழுத்து வைத்தால் கள்ளி என்று பெயர் வரும் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கித்தான் பேனையை எடுத்தேன். அந்த இடம் றோட்டுப் பக்கமாகத் திறந்திருந்தது. கோயிலுக்குப் போகிற சனம், கடைக்குப் போகிற சனம் எல்லாம் உள்ளே பார்த்துக்கொண்டு போனது. தெரிந்த முகம் ஒன்று என்னை இங்கே கண்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் முழுக் கவலையும். நான் எடுக்கவில்லை என்று ஆட்களுக்கு நடுவில் வாதாடுவதைவிட எடுத்தேன் என்று எழுதிவிட்டு எழும்பிப் போவது எனக்குச் சுகமாகத் தெரிந்தது. கூச்சம் மனிசரை எந்த அளவுக்குக் கொண்டுபோய் விடும் பாருங்கள்.

என் பெயர் ஆறு எழுத்து. நான் மெதுவாகத்தான் எழுதுவேன். முதல் எழுத்தை எழுதி முடித்துவிட்டேன்.

"ஏய் அக்கா! நில்லுங்க நில்லுங்க! என்னாத்துக்குக் கையெழுத்து வைக்கிறீங்க?"

திடுக்கிட்டுப் போனேன். சுவரோரத்து வாங்குப் பலகையில் ஒரு பெண் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். மடியில் ஒரு பெரிய மரக்கறிப் பை. ஜிந்துப்பிட்டியைச் சேர்ந்தவள் என்று பிறகு அறிந்தேன். வெள்ளவத்தைச் சந்தைக்கு வந்த இடத்தில் பஸ்ஸில் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு, முறைப்பாடு எழுதக் காலையிலிருந்து காத்திருக்கிறாள்.

"அதில என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சீங்களா?"

"எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது தங்கச்சி."

"பொறகு எதை நம்பி வைக்கிறீங்க?"

சார்ஜன்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கட ஐடி விஷயம் பிறகு பாக்கிறது. வாய மூடிக்கிட்டு இருங்க" என்றார்.

"எனக்கு ஐடிதான் சேர் தொலைஞ்சிருக்கு. வாய் தொலையல."

அங்கே இருந்த இரண்டு கான்ஸ்டபிள்மார் மறுபக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அவள் பையையும் தூக்கிக்கொண்டு வந்து என் அருகில் நின்றாள். அவளுடைய தம்பியிடம் ஒருமுறை இப்படித்தான் விளங்காத தாளில் கையெழுத்து வாங்கியதாகவும், அதை இல்லையென்று காட்டப் பல வருஷம் கோர்ட்டுக்கு அலைந்ததாகவும் சொன்னாள். "லோயர் வந்து பக்கத்தில இருக்கணும்னு கேளுங்க. கேக்கலாம்க்கா, அது நம்ம உரிமை. ஆனா நான் கேட்டா செல்லாது. உங்க வாயாலதான் கேக்கணும்."

என் வாயாலா? பஸ்ஸை நிற்பாட்டத் தெரியாத வாய் அது. சார்ஜன்ட் என்னையே பார்த்தார். அவள் என் தோளில் ஒரு விரலால் குத்தினாள்.

"எனக்கு லோயர் வேணும் ஐயா."

"என்ன?"

"எனக்கு... லோயர் வேணும்."

"அவருக்குக் கேக்கலியாம்" என்று அவள் மறுபடி குத்தினாள்.

"எனக்கு லோயர் வேணும்!"

நான் நினைத்ததைவிடப் பெரிய சத்தமாக வந்துவிட்டது. றோட்டில் போன ஒருவர் நின்று பார்த்தார். ஆனால் ஒரு அதிசயம், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலம் வெடித்து என்னை விழுங்கவில்லை. நான் பேனையை மூடி மேசையில் வைத்தேன்.

அவள் உடனே டெலிபோன் எடுத்தாள். அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பிள்ளை புதிதாகச் சட்டத்தரணியாகிப் புதுக்கடைக் கோர்ட்டில் வேலை பழகுகிறதாம். அந்தப் பிள்ளை வர முக்கால் மணித்தியாலம் ஆனது. அதுவரை அவள் தன் பையிலிருந்த வெள்ளரிக்காயை உடைத்து எனக்குப் பாதி தந்தாள். பொலிஸ் நிலையத்தில் இருந்து வெள்ளரிக்காய் சாப்பிடுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

வந்தது ஒரு சின்னப் பெட்டைப்பிள்ளை. கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தாள். ஸ்கூட்டரில் வந்தவள் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துவிட்டாள். அதோடேயே சார்ஜன்டுக்கு வணக்கம் சொன்னாள். "தலையில இருக்கிறதக் கழட்டுடி, அவரு பயப்படப் போறாரு" என்று ஜிந்துப்பிட்டிக்காரி சொன்ன பிறகுதான் கழற்றினாள். கிட்ட வந்ததும் என் காதில், "அம்மா, பயப்படாதீங்க. இது நான் தனியா வர்ற முதல் பொலிஸ் ஸ்டேசன்" என்றாள். பாவமாக இருந்தது. என் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, "குடி பிள்ளை" என்று கொடுத்தேன். அவளைத் தேற்றுகிற அவசரத்தில் என் பயத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

அவள் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஒரு கதிரை கேட்டாள். ஒருவரும் அசையவில்லை. தானே போய் மூலையில் கிடந்த கதிரையைக் கர்ரென்று இழுத்து வந்து, முழங்கால் முட்டுகிற மாதிரி என் பக்கத்தில் போட்டு அதில் உட்கார்ந்தாள். அந்தக் கர்ரென்ற சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பிறகு அவளும் சார்ஜன்டும் சிங்களத்தில் கதைத்தார்கள். எனக்குக் கடைச் சிங்களம்தான் தெரியும், இருந்தாலும் விளங்கியது. "இது சின்ன விஷயம் மிஸ், இதுக்கு எதுக்கு லோயர்?" என்று அவர் கேட்டார். "சின்ன விஷயம் என்றால் நான் இருப்பதில் உங்களுக்குக் கஷ்டம் இல்லைதானே சேர்" என்று அவள் சொன்னாள். உள் அறையிலிருந்த பெரிய அதிகாரி எட்டிப் பார்த்து, இருக்கட்டும் என்று தலையை ஆட்டினார். அதோடு சார்ஜன்ட், "ஹரி, ஹரி" என்று சம்மதித்துவிட்டார்.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுத வேண்டும், எழுதியதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவள் கேட்டாள். தமிழ் தெரிந்த ஒரு பெண் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்கள். மலையகத்துப் பிள்ளை. புதுத் தாள் ஒன்று எடுத்தார்கள்.

"அம்மா, மோதிரத்தை விடுங்க" என்றாள் என் லோயர்ப்பிள்ளை. "அன்னைக்குக் காலையில இருந்து உங்க கையால என்னென்ன வேலை செஞ்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க. அவசரமில்ல."

கையால் செய்த வேலையைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். தேங்காய் துருவியது, பால் காய்ச்சியது, பலகாரத் தட்டு அடுக்கியது, எல்லாரும் போன பிறகு கூட்டியது, பேசின் கழுவியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். கான்ஸ்டபிள் பிள்ளை எழுதிக்கொண்டே வந்தாள். சார்ஜன்ட் இரண்டு தரம் கொட்டாவி விட்டார்.

"பிறகு பால் அறுகுச் சட்டியை மேல் மாடிக்குக் கொண்டுபோனன்."

"எதுக்கும்மா?"

"அந்தப் பாலும் புல்லும் ஆக்கள் மிதிக்கிற இடத்தில விழக்கூடாது பிள்ளை. குப்பையில போடவும் கூடாது. மாடி வீட்டில மரத்துக்கு எங்க போறது? மொட்டை மாடியில பூச்சாடியள் இருக்கு. செவ்வரத்தைச் சாடியில ஊத்தினனான்."

"சட்டிக்குள்ள கை விட்டுப் பார்த்தீங்களா?"

"நான் அதைத் தொடக்கூடாது. அப்பிடியே கவிட்டன். காசு விழுந்த சத்தம் கேட்டது. கிடக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

கான்ஸ்டபிள் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எத்தனை காசுங்க போடுவாங்க?"

"ஒண்டுதான் போடுறது."

"சத்தம் எத்தனை தரம் கேட்டுச்சு?"

கண்ணை மூடி யோசித்தேன். சட்டியின் விளிம்பில் முதலில் ஒரு கிணுங்கல். பிறகு இன்னொன்று.

"இரண்டு" என்றேன்.

எனக்கு லண்டன் மாமியின் கை கண்ணுக்கு முன்னால் வந்தது. அவரும் பால் அறுகு வைத்தவர்தானே. சீனி வியாதியால் மெலிந்து போன விரல்கள். அதில் பால் பட்டால் மோதிரம் நிற்குமா? கழற்றி வைத்ததாக அவர் நினைத்தது வழக்கமான பழக்கத்தை வைத்து. அன்றைக்கு அது தானே கழன்று புல்லுக்குள் போயிருக்கிறது.

சார்ஜன்ட் எழும்பித் தொப்பியைப் போட்டார். "ஜீப்பில போவம்" என்றார்.

"நான் ஜீப்பில வரமாட்டன்" என்றேன். எனக்கே ஆச்சரியம்! அன்றைக்கு நான் சத்தமாகச் சொன்ன இரண்டாவது வசனம் அது.

ஆகவே நடந்துதான் போனோம். காலி வீதியில் அந்த ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. முன்னால் சார்ஜன்ட். பிறகு கான்ஸ்டபிள் பிள்ளை, ஹெல்மெட்டைக் கையில் பிடித்த லோயர், நான். கடைசியில் மரக்கறிப் பையோடு ஜிந்துப்பிட்டிக்காரி. "உங்கட முறைப்பாடு?" என்று சார்ஜன்ட் அவளைக் கேட்டார். "ஐடி தொலைஞ்சாச்சு சேர், இனி எங்க ஓடப்போவுது? இதைப் பாக்காம நான் வீட்டுக்குப் போனா எனக்குத் தூக்கம் வராது" என்றாள்.

வீட்டில் எங்களைக் கண்டதும் வீட்டுக்காரம்மா, "ஐயோ, உங்களைக் காணேல்லையெண்டு நான் கறியோட தனிய நிண்டு அந்தரப்பட்டுக்கொண்டு நிக்கிறன், ஏன் இவையோட வாறியள்?" என்றார். என்னைப் பொலிசுக்குக் கூப்பிட்டது அவருக்குத் தெரியாது. விஷயத்தைக் கேட்டதும் லண்டன் மாமி செருப்புக்கூடப் போடாமல் படியில் ஏறத் தொடங்கினார்.

மொட்டை மாடி சீமெந்து மத்தியான வெயிலில் அடுப்பாகக் கொதித்தது. மாமி ஒரு காலும் மறுகாலுமாகத் துள்ளிக்கொண்டு நின்றார். செவ்வரத்தைச் சாடியில் அறுகம்புல் கூட்டமாக வாடிக் கிடந்தது. லோயர்ப்பிள்ளை குந்தியிருந்து ஸ்கூட்டர் திறப்பால் மெல்லக் கிளறினாள். முதலில் காசு வந்தது. "ஒண்டு" என்றார் சார்ஜன்ட். இன்னும் கொஞ்சம் கிளறினாள். மண்ணோடு ஒட்டிக்கொண்டு நீலக்கல் வந்தது.

"ரெண்டு!" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அதில் நானும் சேர்த்தி.

லண்டன் மாமி மோதிரத்தை வாங்கவில்லை. முதலில் என்னைத்தான் கட்டிப் பிடித்தார். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, உங்கட பெயரைச் சொல்லேக்குள்ள இப்பிடி வருமெண்டு நான் யோசிக்கேல்லை" என்று குலுங்கி அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே, "கால் சுடப்போகுது, என்ட செருப்பில ஏறி நில்லுங்கோ" என்றேன். அழுகை எல்லாம் சிரிப்பாகப் போய்விட்டது.

நாலாஞ்சடங்குச் சாப்பாட்டுக்கு யாரையும் விடாமல் இருத்தினார்கள். பெண் வீட்டார் வந்தபோது பந்தியில் பொலிசைக் கண்டு முழித்தார்கள். கறியை நான் ஒன்றும் சமைக்கவில்லை என்றாலும் சரக்கு நான் அரைத்தது என்று வீட்டுக்காரம்மா எல்லாருக்கும் சொன்னார். சார்ஜன்ட் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து அந்த முதல் தாளை எடுத்தார். அதன் அடியில் என் பெயரின் முதல் எழுத்து மட்டும் தனியே நின்றது. அதை எனக்குக் காட்டி, என் முன்னாலேயே நாலாகக் கிழித்தார். "சொரி அம்மே" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு ஜிந்துப்பிட்டிக்காரியைப் பார்த்து, "வாங்க, இண்டைக்கு முதல் என்ட்ரி உங்கடதான்" என்றார். "காலையிலயே இதைச் சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேனே சேர்" என்றாள் அவள்.

தமிழில் எழுதிய வாக்குமூலத்தைக் கான்ஸ்டபிள் பிள்ளை சாப்பாட்டு மேசையில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். தேங்காய் துருவியதில் தொடங்கி, இரண்டு தரம் கிணுங்கியது வரை எல்லாம் என்னுடைய சொல்லாகவே இருந்தது. என் சொல்லை யாரும் எழுதி வைத்து எனக்கே வாசித்துக் காட்டியது என் ஆயுளில் அதுதான் முதல் தரம். கேட்டு முடித்து ஆறு எழுத்தையும் ஆறுதலாக எழுதினேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. லோயர்ப்பிள்ளை என்னிடம் ஒன்றும் வாங்க மாட்டேன் என்றாள். ஒரு பெட்டி பயற்றம் பணியாரத்தை அவளுடைய ஹெல்மெட்டுக்குள் வைத்து அனுப்பினேன்.

இப்போதும் என் கூச்சம் முழுதாகப் போகவில்லை. அந்த வினாகிரிப் போத்தல் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் என் தரிப்பு வந்ததும் "இறக்கம்" என்று சொல்கிறேன். போன கிழமை கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டேன் போல, கொண்டக்டரே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு வந்த பிள்ளை எனக்காக ஒரு பொய்யும் சொல்லவில்லை, யாரோடும் சண்டை பிடிக்கவும் இல்லை. பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தாள், அவ்வளவுதான். அவள் இருந்தபடியால்தான் எனக்கு வாய் வந்தது. இப்போது நான் எங்கே கதிரை இழுபடுகிற சத்தத்தைக் கேட்டாலும், யாரோ ஒருவர் தனியே இல்லை என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.